கைமாற்று

முகத்துக்கு ஒரு மணி நேரம்.
அதற்குமேல் எந்தப் பிரபுவும் உட்காருவதில்லை.
கடிகையில் மணல் தீர்ந்ததும்
தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.
தேம்ஸ் படித்துறையில் படகு காத்திருக்கும்.
மிச்ச உடம்புக்கு
நாங்கள்.

என் பெயர் டாமரிஸ் க்ரௌச்.
பில்லிங்ஸ்கேட்டில் சிப்பி உடைக்கிறவள்.
வாரத்தில் இரண்டு நாள்
தவிட்டால் தேய்த்து உப்பு வாடை போக்கி
ஓவியர் வீட்டு மாடியில்
சீமாட்டிகளுக்குக் கை கொடுக்கிறேன்.
நாளுக்கு ஆறு பென்னி.
பனிக்காலத்தில் கணப்புக்குப் பக்கத்தில் முக்காலி.

ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்தவர் மாஸ்டர் யோஸ்ட்.
எங்கள் மொழியில் அவருக்கு மூன்றே வாக்கியம்:
அசையாதே.
இன்னும் கொஞ்சம்.
பணம் நாளை.

மரப்பொம்மைக்கு சாட்டின் கவுன் மாட்டியிருக்கும்.
வெக்ஸ்கோம் பிரபுவின் மனைவிக்கு அதே கவுன்,
அவள் நாத்தனாருக்கும் அதே கவுன்,
ஒருத்திக்கு நீலமாகும், ஒருத்திக்கு வெங்காயத்தோல் நிறமாகும்,
முழங்கை மடிப்பு மட்டும்
அச்சு அசலாக அதே மடிப்பு.
இதுவரை ஒருத்தியும் கண்டுபிடிக்கவில்லை.
அவரவர் முகத்தைத்தானே அவரவர் பார்க்கிறார்கள்.

மூலையில் கில்பர்ட் இருமிக்கொண்டே
வால்நட் எண்ணெயில் ஈய வெள்ளை அரைப்பான்.
"விரலை வாயில் வைத்துவிடாதே,
மேன்மக்களின் நிறம்
வயிற்றுக்குள் போனால் ஆளைத் தீர்த்துவிடும்" என்பான்.

என் கட்டைவிரலில் கத்தி இறங்கிய தழும்பு உண்டு.
மாஸ்டர் யோஸ்ட் அதைப் பார்ப்பதே இல்லை.
பார்க்காமலிருக்கத்தான்
அவருக்கு அறுபது பவுன்.

அந்தப் பிப்ரவரியில் ஆறு உறைந்தது.
லெட்டிஸ் சீமாட்டியின் படகு வரவில்லை.
பத்தொன்பது வயது. உட்காரப் பிடிக்காமல்
அறை அறையாக நடந்தவள்
பின்கட்டுக் கதவைத் திறந்தாள்.
அவளுடைய நீல மடியில்
என்னுடைய கை.

"இது நானா?"
"ஆமாம், சீமாட்டி."

கிட்டே வந்தாள். கையுறையைக் கழற்றினாள்.
குளிரில் வெடித்துச் சிவந்த முட்டிகள்,
நடுவிரலில் மசிக்கறை,
சதை தெரியக் கடித்த நகங்கள்.
இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்,
சந்தையில் மீன் பார்க்கிறவளைப் போல.

"நான் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்?"
"ரோஜா. பட்டுத் துணியில் செய்தது.
உங்கள் நிச்சயதார்த்தத்துக்கு."

கில்பர்ட்கூட இருமவில்லை.

"விட்டுவிடேன்," என்றாள்.

விட்டேன்.
பூ மடியில் பட்டு, விளிம்பில் ஒருகணம் தயங்கி,
தரையில் விழுந்தது.
மாஸ்டர் யோஸ்ட் வாயைத் திறந்தார், திட்டத்தான்.
பிறகு என் விரல்களைப் பார்த்தார்.
அவை எதையும் பிடிக்காமல்
பிடித்த வடிவத்திலேயே இருந்தன.
"அசையாதே," என்றார். மெதுவாக.
வெளிச்சம் போகும்வரை வரைந்தார்.
பணம் மட்டும் நாளை.

மே மாதம் கல்யாணம் நடந்தது.
படத்தில் பூவை விட்டால்
படியில் நிற்கும் மாப்பிள்ளை மறைந்துவிடுவாரா என்ன.
மூன்றாம் வருடம் பிரசவத்தில் போய்விட்டாள்.
சிப்பி வாங்க வந்த அவர்கள் சமையற்காரன் சொன்னான்.
மாடிப்படித் திருப்பத்தில் படம் தொங்குகிறதாம்.
விருந்தாளிகள் மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடித்து
"முகம் சுமார்தான்,
ஆனால் அந்தக் கையில் அவளே இருக்கிறாள்" என்கிறார்களாம்.

நான் இரண்டு டஜன் எண்ணிப் போட்டேன்.
ஒன்று குறைந்துவிட்டது போல. திரும்ப எண்ணினேன்.

கைமாற்றுக்குப் பத்திரம் கிடையாது.
கொடுத்தவளுக்குத் தெரியும், வாங்கியவளுக்குத் தெரியும்.
என்னுடையது அங்கே இருக்கிறதென்றால்
அவளுடையது எங்கே?

மாஸ்டர் யோஸ்ட் இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை.
போன தடவை கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு
உதட்டைப் பிதுக்கினார்.
படகுக்குக் காத்திருக்கும் விடியற்காலைகளில்
நகம் கடிக்கிறேன்.
முன்பு எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.